நாற்பது தடவை கடந்தவன்

மருந்துக்கடைப் பெண்ணுக்காகத்தான் அந்த சைக்கிள் கடைக்காரன் தெருவைக் கடந்து கடந்து வருகிறான் என்பது இரண்டாம் நாளே பொறியாளருக்குப் பிடிபட்டுவிட்டது.

மருந்துக்கடை வாசலில் நாற்காலி போட்டு, கையில் எண்ணும் கருவியோடு பொறியாளர் உட்கார்ந்திருந்தாள். வண்டிகள் பறக்கும் அந்தக் குடியிருப்புத் தெருவில், நடப்பவர்கள் கடக்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும். மூன்று இடங்களில் ஐந்து நாள் எண்ணி, எங்கே அதிகமோ அங்கே வெள்ளைக் கோடு. முகத்தைப் பார்க்காதே, கால் இறங்கினால் ஓர் எண் என்பது அலுவலக விதி.

“என்னையும் சேத்தாச்சா மேடம்?” என்றபடி அவன் படியேறினான்.

“சேத்தாச்சு. இன்னிக்கு இது மூணாவது வருகை. என்ன வாங்கப் போறீங்க?”

“பேண்டேஜ்.”

“காலையிலயும் அதைத்தானே வாங்கினீங்க? வர்ற சைக்கிளுக்கெல்லாம் கட்டுப் போட்டு அனுப்புறீங்களா?”

காது சிவக்க உள்ளே போனான். மருந்துக்கடைப் பெண் தலை நிமிராமல் ஒரு பேண்டேஜை எடுத்து வைத்தாள். காசு கேட்கவில்லை. விஷயம் அவ்வளவு தூரம் போய்விட்டதா என்று பொறியாளர் தனக்குள் சிரித்துக்கொண்டாள். சிரிப்பு ஏனோ முழுசாக வரவில்லை.

ஐந்து நாள் முடிவில் அந்த இடம்தான் ஜெயித்தது. எண்பத்து மூன்று. மற்ற இரண்டும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. எண்பத்து மூன்றில் நாற்பது அவனுடைய கால்கள் என்று அவளுக்குத் தெரியும். இருக்கட்டுமே, காதலிக்கிறவன் கால் ஓய்ந்துவிடவா போகிறது?

நாற்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோடு விழுந்தது. கம்பத்தில் ஏறிய கேமரா அவளுக்குப் பதிலாக எண்ணத் தொடங்கியது. எண்ணிக்கை குறையாமல் இருந்தால் இடத்தை மேடாக்கி, ஓரத்தில் மரமும் பெஞ்சும் வைப்பார்கள். அவள் போட்ட முதல் வரைபடம் அது.

அவள் கிளம்பிய பன்னிரண்டாம் நாள் மேலதிகாரி கூப்பிட்டார். “என்னம்மா, நீ எண்ணினதுல பாதிதான் வருது. மீதிப் பாதி ஜனம் எங்க போச்சு? நாளைக்கு நானே வந்து பாக்கறேன். இப்படியே இருந்தா கோட்டை அழிச்சுட்டு அடுத்த மூலைக்கு மாத்திடுவேன்.”

அந்தப் பாதி ஜனம் யாரென்று அவளுக்குத் தெரியும். சாயங்காலமே மருந்துக்கடைக்கு ஓடினாள்.

“ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?”

“யாருக்குள்ள?”

“அதான்... சைக்கிள் கடைக்காரர். தினமும் நாலு தடவை வந்தவர், இப்போ எட்டிக்கூடப் பாக்கறதில்லை போலிருக்கே.”

“ஆமா. பன்னிரண்டு நாளாச்சு.”

“நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன். பிடிச்சவங்ககிட்ட என்ன வீம்பு? என் கோடே அவரை நம்பித்தான் கிடக்கு.”

மருந்துக்கடைப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே இருபது பேண்டேஜ்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அன்றன்றைக்கு சாயங்காலமே திரும்பி வந்தவை.

“நாளைக்கு அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போடுங்க மேடம், என் தம்பி தானா வருவான்.”