ஆம்பளைக் குரல்

"என் பொண்டாட்டியைக் கோயிலுக்கு இழுத்துக்கினு போறியே, வெக்கமா இல்ல?"

நடராசன் வாசலில் நின்று கத்தினான்.

அவன் அம்மா வெள்ளையம்மாள் மருமகளின் கையை விடவில்லை. "பேய் புடிச்சவளைத் திருவக்கரைக்குக் கூட்டிக்கினு போகாம எங்கடா கூட்டிக்கினு போவாங்க?"

"பேயா? டாக்டரே கட்டின்னு சொல்லிட்டாங்க!"

"கட்டி ஆம்பளைக் குரல்ல பேசுமா?"

தெரு சிரித்தது. அம்சா முந்தானையால் மோவாயை மூடிக்கொண்டாள்.

எட்டு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு இல்லை. மோவாயில் முடி. குரல் தடித்துவிட்டது. 'சினைப்பையில் கட்டி. ஆண்களுக்குரிய ஹார்மோனை அதுதான் கொட்டுகிறது. புற்று இல்லை. எடுத்துவிட்டால் பிள்ளையும் பெறலாம். விட்டுவைத்து முறுக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து' என்று விழுப்புரத்து டாக்டரம்மா சொல்லி ஒரு மாதமாகிறது.

"மாநாடு முடியட்டும்" என்றிருந்தான் நடராசன். பெண் விடுதலை மாநாடு. அவன்தான் சிறப்புப் பேச்சாளன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அம்சா மாமியாரின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தை, வேப்பிலையால அடிப்பாங்களா?"

"பேசாம ஏறு, ஜல்தி."

ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டர் கத்தியது காதில் விழுந்தது.

"அத்தை, இது விழுப்புரம் போற பஸ்ஸு!"

"தெரியும். வயித்தைப் புடிச்சிக்கினு உக்காரு, குலுங்கும்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சவுரியம்மாள் காகிதத்தை நீட்டினாள். "நாளைக்குக் காலையில ஆபரேஷன். புருஷன் வரலியா?"

அம்சா கையெழுத்துப் போட்டாள். அடியில் வெள்ளையம்மாள் கைநாட்டு வைத்தாள்.

"அவன் வந்தா இது நடக்காதும்மா. வயித்துல கத்தி பட்டா புள்ள தங்காது, இவளுக்குச் செலவு எதுக்குன்னு, அனந்தபுரத்துல வேற பொண்ணு பார்த்துக்கினு இருக்கான்."

அம்சா மாமியாரை வெறித்துப் பார்த்தாள். கண் நிறைந்தது.

"அதுக்கு எதுக்கு அத்தை பேயி, பிசாசுன்னு ஊரைக் கூட்டினீங்க?" என்றாள்.

வெள்ளையம்மாள் விரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரின்னு சொல்லியிருந்தா ஓடியாந்து மறிச்சிருப்பான். கோயிலுக்குன்னா எம்புள்ள எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். கொள்கைக்காரன்."