கழுத்துவரை தண்ணீர்

பருக்களுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை பத்து நாளாக ஜெனிபாவின் வயிற்றைப் புரட்டி எடுத்தது. மதியம் சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீர் குடித்துப் போடச் சொன்னார் மருந்துக்கடைக்காரர். அதிலிருந்து தினமும் அருளப்பனே மகளுக்குச் சோறு கட்டி, பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தனுப்பினார். அன்று மாலையும் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேதான் பள்ளியிலிருந்து வந்தாள். பையைத் திறந்து பார்த்தார். சோறு காலி. பாட்டில் மட்டும் நிரப்பியபடியே கனத்தது.

"மாத்திரைய எப்படி மக்ளே முழுங்குன?"

"எச்சில் கூட்டித்தான்."

அருளப்பன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "தண்ணி குடிச்சா என்ன?"

"ஒண்ணுக்கு வரும்ப்பா. ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி வெளிய நின்னு கதவ இழுத்துப் பிடிக்கணும்."

"உன் கூட்டுக்காரி பிடிக்க மாட்டாளா?"

"முன்னெல்லாம் பிடிப்பா. பரு ஒட்டிக்கிடும்னு இப்ப யாரும் எங்கூட வாறதில்ல."

சொல்லி முடிப்பதற்குள் குமட்டிக்கொண்டு வர, குளியலறைக்கு ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் அருளப்பன் வெளியே நின்று, கதவின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.