வாரத்துக்குப் பத்து

"சாவி கையில இருக்குங்கற திமிரு. வேற என்ன?"

உள்ளே வந்ததும் வராததுமாக அவள் ஆரம்பித்துவிட்டாள். புதுக் கோட்டின் சாய்ந்த பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்து, நீட்டிய அவன் கையில் கொடுக்காமல் மேஜைமேல் போட்டாள்.

"மெதுவா வை. உள்ள இருக்கறது உன் எட்டு வருஷ உழைப்பு."

"அது தெரிஞ்சும் பூட்டி வெச்சிருக்கீங்க பாருங்க. நல்லா இருப்பீங்க!"

அவள் ஆடைகளுக்கு வெட்டுப்படம் வரைகிறவள். அவன் புரோகிராம் எழுதுகிறவன். கல்யாணமான புதிதில், அவள் வரைவதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். அதில் வரைந்த கோப்பு உலகத்தில் வேறு எதிலும் திறக்காது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் 'மைனா' என்று ஒரு வால் இருக்கும். அது அவளை அவன் கூப்பிடும் செல்லப் பெயர்.

அன்றைக்கு அது கொஞ்சல். ஐந்து மாதத்துக்கு முன் சண்டை முற்றி அவள் பெட்டியோடு கிளம்பியபோது, அதுவே கழுத்துக் கயிறாகிவிட்டது. சேர்ந்த புதுக் கம்பெனியில் அவளுடைய படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது.

எல்லோரும் திறக்கக்கூடிய கோப்பாக மாற்றித் தருகிறேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் மெஷின் பழசு, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் தாங்காது என்றான். தன் கண்முன்னால்தான் மாற்ற வேண்டும் என்று அவள் ஒரு நிபந்தனை போட்டாள். மொத்தம் இருநூற்று நாற்பது. பதினேழு சனிக்கிழமைகளில் நூற்றெழுபது முடிந்திருந்தது.

"இன்னிக்கு எதெல்லாம்?"

"எழுதிட்டு வந்திருக்கேன். அதை மட்டும் மாத்துங்க. டிரைவுல மத்த ஃபோல்டர் எதுலயும் மூக்கை நுழைக்க வேண்டாம்."

அவன் தலை நிமிராமல் சீட்டைப் படித்தான். பள்ளிச் சட்டை ஆறு, பாவாடை மூன்று. கடைசியில் ஒரு சாய்வுப் பாக்கெட் கோட்டு. அது அவள் கிளம்பிய வாரம் வரைந்தது. துணியில் வெட்டிப் பார்க்கக்கூட இங்கே அவளுக்குப் பொழுது கிடைக்கவில்லை.

திரையில் பச்சைப் பட்டை ஊர ஆரம்பித்தது.

"நத்தைகூட இதுக்குள்ள சந்தைக்குப் போயிட்டுத் திரும்பியிருக்கும்."

"மெஷினைத் திட்டாதே."

"மெஷினை யாரு திட்டினா?"

அவன் எழுந்தான். "டீ போடட்டுமா?"

"நீங்க போடற டீக்கு விஷமே தேவலை. உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் இருமினாள். வாசலில் கழற்றிப் போட்ட அவளுடைய செருப்பிலிருந்து மழைத் தண்ணீர் வழிந்து, தரையில் மெல்ல இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பஸ் மாறி, நனைஞ்சு, வாராவாரம் உங்க முன்னால வந்து பிச்சைக்காரி மாதிரி உக்காரணும். என்னத்தையோ ஆசையா எழுதிக் குடுத்தீங்கன்னு அன்னிக்கு ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடிச்சேன். மாட்டைக் கட்டற முளைக்குச்சின்னு இப்பத்தான் புரியுது."

எத்தனையோ வசவுகளை அவன் துடைத்துப் போட்டிருக்கிறான். இது தைத்தது. இன்னும் ஏழு சனிக்கிழமை இருக்கிறது என்று காலையில்கூட விரல் விட்டு எண்ணியவன், பட்டென்று அந்தப் பச்சைப் பட்டையை மூடினான்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"அது வெறும் பொம்மை. சும்மா ஊர்றதுக்குன்னு நானே எழுதினது. நிஜமா மாத்தறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது." தொண்டையைச் செருமிக்கொண்டான். "நீ கிளம்பிப் போன அந்த வாரத்துலயே இருநூத்தி நாப்பதையும் மாத்தி வெச்சுட்டேன்."

வீடு இடியப் போகிறது என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை.

"ஏன்?"

"மொத்தமா குடுத்துட்டா நீ வரமாட்டியே."

அவள் பதில் சொல்வதற்குள் அவன் திரை பக்கம் திரும்பிக்கொண்டான். 'பிரிண்டர்' என்று பெயர் போட்ட, யாரும் திறந்து பார்க்காத ஒரு ஃபோல்டர். அதற்குள் 'என் தையல்'. அந்தக் காலத்தில் அவள் வைத்த பெயர். இன்றுவரை அவளுடைய டிரைவிலும் அதே பெயர்தான். முழுசாகப் பிடித்து டிரைவை நோக்கி இழுத்தான்.

"எடுத்துக்க. இனிமே நீ மழையில வர வேண்டாம். மன்னிச்சிரு."

"இருங்க! அதைத் தொடாதீங்க!" அவள் பாய்ந்து வந்தாள்.

விட்டுவிட்டான். திரையில் ஒரு கட்டம் எழும்பியது.

'என் தையல்' ஃபோல்டரில் இதே பெயரில் 240 கோப்புகள் ஏற்கெனவே உள்ளன. மாற்றவா? தவிர்க்கவா?

நூற்றெழுபதுதானே இருக்க வேண்டும்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். இருநூற்று நாற்பதேதான். எல்லாமே வால் அறுந்த, மாற்றி முடித்த கோப்புகள். மெல்லத் திரும்பி, அவள் போட்டிருந்த கோட்டின் சாய்ந்த பாக்கெட்டை அப்போதுதான் பார்த்தான்.

"ஆபீஸ்ல பக்கத்து சீட்டு அக்கா உங்க பூட்டை ஒரே மத்தியானத்துல உடைச்சுட்டாங்க" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி.

"எப்போ?"

"ரெண்டாவது சனிக்கிழமைக்கு முன்னாடி."

மழை வலுத்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு எதிரே அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"தவிர்னு அழுத்துங்க. வாரத்துக்குப் பத்துதான்."