பதினொன்றாம் சாம்பிள்

"அபிஜித், யாரு இந்தப் பதினொண்ணு?" மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்திக் கத்தினாள் டாக்டர் ஜெயலக்ஷ்மி. ஈறு நோய்க் கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி அவளுடையது. சாம்பிள்களில் நம்பர் மட்டும்தான் இருக்கும்.

மாணவன் அபிஜித் பெயர்ப் பதிவேட்டைப் புரட்டினான்.

"வெள்ளணுவெல்லாம் கிருமியைச் சுத்தி வந்து நிக்கறது. ஒண்ணையாவது விழுங்கறதா பாரு! கிருமி அதுகளோட கையைக் கட்டிப் போட்டுடுத்து. வீக்கம் மட்டும் ஏறிண்டே போறது. இது நேத்திக்கு வந்த வியாதி இல்லை."

"அதே மேடம்," என்று மலையாளத்தில் ஆமாம் போட்டான் அபிஜித்.

"பல் தேய்க்கறச்சே ரத்தம் வந்திருக்கும். டாக்டர்கிட்ட போகாம, ப்ரஷ் சரியில்லைன்னு ப்ரஷ்ஷை மாத்தியிருப்பான். அந்த நோயாளியோட போன் நம்பரைக் கொடு. நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்."

"பதினொண்ணு நோயாளி இல்லை மேடம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவங்க சாம்பிள் வேணுமே. வழக்கம்போல லேப்ல உள்ளவங்ககிட்டதான் எடுத்தோம்."

"வாயைச் சோதிக்காமலா எடுத்தேள்?"

"எல்லாரையும் சோதிச்சோம். ஒருத்தர் மட்டும், 'இருபது வருஷமா இதே துறையில இருக்கேன், என்னைப் போய்ச் சோதிக்கறதாவது'ன்னு சொல்லிட்டாங்க."

"அப்படி என்ன திமிர்? யாரது?"

அபிஜித் பதிவேட்டை மெல்ல அவள் பக்கம் திருப்பி வைத்தான். பதினொன்றுக்கு நேரே அவளுடைய கையெழுத்தே இருந்தது.

ஜெயலக்ஷ்மி கைப்பையைத் திறந்து பார்த்தாள். காலையில் கரமனையில் பஸ் ஏறுமுன் வாங்கிய புது ப்ரஷ் உள்ளே பிரிக்காமல் கிடந்தது.

இந்த வருஷத்தில் அது நாலாவது.