மணிவேலின் சந்திராஷ்டமம்

"இன்னாப்பா, வந்த வேலையைப் பாக்காம டீ கேக்கறே?"

சுப்பிரமணி கத்திய கத்தலில் கதவே அதிர்ந்தது. ஜமுனாமரத்தூரில் அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஆபீஸுக்கு அவர்தான் மேலாளர். வேலூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கிய என்ஜினியர் மணிவேல், மலைப் பனியில் சொட்டச் சொட்ட நனைந்த கோட்டைக் கழற்றி ஜன்னலில் மாட்டினான். முதுகில் சுமந்து வந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தான். பிரிக்கவில்லை.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ரேணுகாதேவி, பிரிக்காத அட்டைப்பெட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஸ்டோரேஜ் பெட்டிக்குள்தான் மலை நிலமெல்லாம் கிடந்தது. இரண்டு வருஷம் அவளும் ஊர்க்காரர்களும் முள்ளிலும் பாறையிலும் ஏறி இறங்கிக் கொல்லை கொல்லையாக அளந்த கணக்கு. அவள் அப்பா சின்னதம்பியின் சாமைக் கொல்லையும் அதில் ஒன்று. நாளைக்கு அத்தனையையும் பட்டாவுக்காகக் கலெக்டர் ஆபீஸில் ஒப்படைத்தாக வேண்டும். நகல் எடுத்து வைக்கச் சுப்பிரமணி வாங்கித் தருவதாகச் சொன்ன டிஸ்க் இன்னும் மலை ஏறவில்லை.

பெட்டிக்கு மூளை இரண்டு. கன்ட்ரோலர் என்பார்கள். ஒன்று நேற்றே படுத்துவிட்டது. மற்றது ஒற்றை மாடாக இழுத்துக்கொண்டிருந்தது. அதுவும் படுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் சிதைந்து போகலாம் என்று கம்பெனிக்காரர்கள் போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

"சார், புது பார்ட்டும் வந்திருச்சு, நீங்களும் வந்துட்டீங்க. அப்புறம் இன்னா?" என்றாள்.

மணிவேல் சுவரைப் பார்த்தான். வரிசையாகச் சாமி படங்கள், ராசிபலன் போட்ட காலண்டர். சுப்பிரமணியின் மணிக்கட்டைப் பார்த்தான். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று கயிறுகள்.

"எனக்கு இன்னிக்கு சந்திராஷ்டமம், சார். சாப்பாட்டு நேரத்துக்கு விலகிடும். அப்புறம் கை வெக்கறேன்."

சுப்பிரமணியின் குரல் பொசுக்கென்று இறங்கியது. "அட, இதை வந்தவுடனே சொல்லக்கூடாதா தம்பி? தொடாதே, தொடாதே! போன மாசம் எனக்குச் சந்திராஷ்டமம். பேசாம வூட்டுல இருக்காம வண்டியை எடுத்தேன். ரெண்டு டயரும் பஞ்சர்!"

டீ சொல்ல அவரே கடைக்குப் போனார்.

ரேணுகாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிச்சவரு பேசற பேச்சா சார் இது? எத்தினி பேரு கொல்லை அந்த ஒத்தப் பொட்டியில தொங்குது! உங்களுக்கு நிலா எங்க நிக்குதுன்னு கவலை. அதுக்குள்ள இன்னொண்ணும் படுத்துட்டா?"

"படுக்காதும்மா. நல்லாத்தான் ஓடுது."

"உங்க நட்சத்திரம் வந்து சொல்லிச்சா?"

"பச்சை லைட்டு சொல்லுது" என்று சிரித்தான். டீயைக் குடித்தான். நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டான். மிச்ச டீயை அவன் தலையில் ஊற்றினால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, நம்ம கொல்லை பத்திரமா இருக்குதா?"

"இருக்குதுபா. நிலா கொஞ்சம் நகர்ந்தா இன்னும் பத்திரமா இருக்கும்."

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல, வையி."

ஒருவழியாகச் சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு மணிவேல் பெட்டியிடம் வந்தான். அதற்கப்புறம் அவன் வேறு ஆள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதன் வயரை இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டான். கம்ப்யூட்டரில் எது பழுது என்று பார்த்தான். பெட்டியின் பின்னால் போய் ஆரஞ்சு விளக்கு எரிவதும் அதுதானா என்று பார்த்தான். "மேல இருக்கறதா, கீழ இருக்கறதா? நீங்களும் பாத்துச் சொல்லுங்க மேடம்."

"கீழ."

"மறுபடியும் பாருங்க. மாத்தி உருவிட்டா நம்ம கதை முடிஞ்சுது."

"கீழதான் சார்!"

ஒவ்வொரு கேபிளிலும் சீட்டு ஒட்டிவிட்டுக் கழற்றினான். நெம்புகோலைத் திறந்து பழையதை நிதானமாக உருவினான். புதியதை உறையிலிருந்து எடுத்துத் தள்ளினான். கிளிக் என்று உட்கார்ந்தது. விளக்கு ஆரஞ்சில் மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது.

பச்சை.

அவள் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அப்பாவின் கொல்லை, ஓடை வளைவு, வரப்பு எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. சுப்பிரமணி பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியாம்மா, நேரம் பாத்துச் செஞ்சா எப்படி அமையுதுன்னு!" தேங்காய் வாங்கக் கிளம்பிவிட்டார்.

மணிவேல் பைக்கை உதைத்தபோது ரேணுகாதேவி வாசலுக்கு வந்தாள். கோபம் போய்விட்டது. கேலி மட்டும் மிச்சம் இருந்தது.

"உங்களுக்கு இன்னா ராசி சார்? அடுத்த தடவை நாங்களே காலண்டரைப் பாத்துட்டுக் கூப்பிடறோம்."

"யாருக்குத் தெரியும்? எங்கம்மா கல்லு ஒடைக்கிற எடத்துல, ஜல்லிக் குவியல் பக்கத்துல என்னைப் பெத்துச்சு. நேரம் குறிக்க அங்க எவன் கையில கடிகாரம் இருந்துச்சு?"

"அப்ப சந்திராஷ்டமம்?"

"மலைப் பனியில வந்த பார்ட்டு மேடம், ஐஸ் மாதிரி இருந்துச்சு. ரூம் சூட்டுக்கு வராம பிரிச்சு மாட்டியிருந்தா உள்ள ஈரம் கோத்துக்கிட்டு, நல்லா ஓடறதையும் சேத்துச் சாகடிச்சிருக்கும். அதைச் சொன்னா உங்க சார் 'துணியால தொடச்சி மாட்டுப்பா'ன்னு கத்தியிருப்பாரு!"