மூன்றாவது உயிர்

அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு இரண்டு உயிருக்கு மேல் அனுமதி கிடையாது. கணவன் குணசேகர் குவைத்துக்குப் போனதும், தனிமை தாங்காமல் அவன் இடத்தில் பட்டாணி என்ற நாயைப் பதிவு செய்துகொண்டாள் வசுமதி. ஐந்து வருடம் கழித்து அவன் பெட்டியோடு வந்து நின்றான். ஆள் கணக்குப் பார்த்துத் தானாகத் திறக்கும் கேட் அவனுக்குத் திறக்கவில்லை.

"நாயை வெளிய விடு வசு, எனக்குத் திறந்துடும்," என்று போனில் சிரித்தான்.

வசுமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்தாள். பட்டாணியும் காலோடு ஒட்டிக்கொண்டே நடந்தது. அவள் காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் கட்டிலடியை விட்டு நகராத நாய்.

கடைசியில் அதற்குச் சங்கிலியை மாட்டிக் கீழே இறங்கினாள். நாயோடு அவள் வெளியே வந்ததும் கேட் குணசேகருக்குத் திறந்தது.

"யார்கிட்டயாவது விட்டுட்டு வா. பசிக்குது."

"சோறு மேசையில இருக்கு. போய்ச் சாப்பிடுங்க."

"நீ வரலையா?"

"அஞ்சு வருசமா உங்களுக்காகத்தாங்க காத்திருந்தேன். ஆனா என்கூட இருந்தது இது."

கேட் மெல்ல மூடத் தொடங்கியது. குணசேகர் உள்ளே ஒருமுறை பார்த்தான். பிறகு பெட்டியை அவள் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

"நாயோட தங்க எங்கயாவது வீடு கிடைக்குமா?"

பட்டாணி அவனைப் பார்த்து உறுமிக்கொண்டே இருந்தது.