கரிமீனுக்கு என்ன வயசு?

"செல்வி, தேங்காய் துருவி இருக்கா?"

கதவைத் திறந்த பாண்டிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று சாயங்காலம்தான் இதே வாசலில், இதே பக்கத்து வீட்டு சுல்ஃபத்திடம் துருவியைக் கொடுத்திருந்தாள்.

"இத்தா, அது உங்க வீட்லதானே இருக்கு?" முஸ்லிம் அக்காக்களை இந்தப் பக்கம் இத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓ, எங்க வீட்லயா!" என்று நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள் சுல்ஃபத்.

மணி ஒன்பது. பன்னிரண்டுக்குள் கட்டுரை சென்னைக்குப் போயாக வேண்டும்.

கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த இந்த இரண்டு வருஷத்தில் செல்விக்கென்று இருந்தது அந்த வலைப்பூ ஒன்றுதான். கணவன் ரமேஷ்பாபு வல்லார்பாடம் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பியதும் எழுத உட்கார்ந்துவிடுவாள். யூதர் தெருவான ஜூ டவுன் கடைகள், மிளகு வாசம், படகுப் பயணம் என்று ஆறு மாசம் உருகி உருகி எழுதினாள். படித்தவர்கள் பதினொரு பேர். அதிலும் நாலு பேர் சொந்தக்காரர்கள். எழுத்தும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஒருநாள் புருஷனிடம் ஓவென்று அழுதுகூட விட்டாள்.

அப்புறம்தான் ஒரு கோபத்தில் சுல்ஃபத்தைப் பற்றி எழுதினாள். அடை மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து, "உங்க வீட்டுப் பக்கமும் பெய்யுதா?" என்று கேட்ட கதை. தலைப்பு, 'பக்கத்து வீட்டு இத்தா'. ஒரே நாளில் நானூறு பேர்!

அன்றிலிருந்து வாரம் ஒரு இத்தா கதை. போகப் போகக் காரமும் ஏறியது. 'இத்தா மூளையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள்' என்று எழுதியபோது நானூறு ஆயிரமானது. பயமென்ன? சுல்ஃபத் வீட்டில் பேசுவது தமிழ்தான், படித்தது மலையாளம். தமிழில் வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட செல்விதான் படித்துச் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு இணைய இதழிலிருந்து ஆசிரியர் வாஞ்சிநாதன் கூப்பிட்டிருந்தார். "இன்னிக்குப் பன்னிரண்டுக்குள்ள ஒண்ணு அனுப்புங்க. பிடிச்சிருந்தா வாரா வாரம் தொடர், சம்பளத்தோட."

பெரிய இதழ். அதற்குப் போய் இத்தா கதையா? ஜூ டவுனைப் பற்றி இலக்கியமாக இரண்டு வரி எழுதியிருப்பாள். மறுபடி கதவு.

கையில் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தபடி சுல்ஃபத். "செல்வி, இந்தக் கரிமீனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இல்ல, நீ படிச்ச பொண்ணாச்சே."

பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் செல்வி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் தட்டல்.

"எங்க வீட்டுக் கடிகாரம் நின்னுபோச்சு. மணி என்ன?"

"கையில போனை வெச்சுக்கிட்டு என்கிட்ட மணி கேக்கறீங்களே இத்தா!" செல்வி கத்தியே விட்டாள். "உங்களுக்கு வேலை வெட்டி இல்லேன்னா எனக்குமா இல்ல? இனிமே தயவுசெஞ்சு என் வாசப்படி மிதிக்காதீங்க!"

சுல்ஃபத்தின் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போனாள்.

அப்பாடா என்று எழுதி முடித்து, பத்தரைக்கே அனுப்பினாள். பத்தே நிமிஷத்தில் வாஞ்சிநாதனின் போன்.

"என்னம்மா இது? ஜூ டவுனைப் பத்தி ஊர்ல எல்லாரும்தான் எழுதறாங்க. அந்த இத்தா எங்கே? அவங்களுக்காகத்தானே உங்களைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வரைக்கும் பார்ப்பேன்."

செல்வி கணக்குப் போட்டாள். இன்றைக்குக் கரிமீனை வைத்து ஒப்பேற்றிவிடலாம். அடுத்த வாரம்? அதற்கடுத்த வாரம்? வாரா வாரம் எழுத வேண்டுமென்றால் இத்தா வாரா வாரம் வந்தாக வேண்டுமே! நல்ல நாளாகப் பார்த்து வராதே என்று விரட்டியாயிற்று.

நாலு நல்ல வார்த்தை பேசிச் சமாதானப்படுத்திவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண் மூச்சுவிடாமல் தமிழ் படிக்கிற சத்தம்.

'...இத்தா மூளையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள்...'

செல்வி உள்ளே எட்டிப் பார்த்தாள். சுல்ஃபத் தனியாகத் தரையில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். படித்தது பக்கத்தில் கிடந்த போன்.

"வா, செல்வி." கையைத் துடைத்துக்கொண்டு போனை நிறுத்தினாள். "என் பையன் ஆஷிக் வெச்சுக் கொடுத்தான். அமுக்கினா அதுவே படிச்சுச் சொல்லும்."

"எப்போலேர்ந்து இத்தா?"

"ரெண்டாவது கதையிலேர்ந்து. பதினொரு பேர்தான்னு நீ அழுததும் சுவர் தாண்டிக் கேட்டுச்சு. நானூறு பேருன்னு துள்ளினதும் கேட்டுச்சு. மழை அன்னிக்கு நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன். அதுக்கப்புறம்..." சுல்ஃபத் சிரித்தாள்.

செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. "அந்த மூளை, அலமாரின்னு எழுதினது..."

"அது கொஞ்சம் வலிச்சுது" என்றாள் சுல்ஃபத். பிறகு மீனை மறுபடி கையில் எடுத்துக் கவலையோடு பார்த்தாள்.

"ஏன் மோளே, இந்தக் கரிமீன் வயசு சரியா வரலையா? நேத்து பூரா உட்கார்ந்து யோசிச்சு வெச்சதாக்கும் அது."